பார்பரெஸ்கோ கூட்டுறவின் வைன்கள்: மூன்று படியில் எதை வாங்கலாம், லேபிளில் எதைப் படிக்கலாம்

இத்தாலியின் வடமேற்கில், பியமோந்தே மாநிலத்து லாங்கே குன்றுகளில் இருக்கும் ப்ரொடுத்தோரி தெல் பார்பரெஸ்கோ ஒரு விவசாயிகள் கூட்டுறவு. நெபியோலோ என்ற ஒரே ஒரு திராட்சையில்தான் வைன் செய்கிறது. அதை மூன்று படியாகப் பிரித்து விற்கிறது: கீழே லாங்கே நெபியோலோ, நடுவில் பார்பரெஸ்கோ, மேலே தோட்டத்தின் பெயர் போட்ட, கூடுதல் காலம் முதிரவிட்ட ஒன்பது ரிசெர்வாக்கள். மூன்றும் ஒரே கூரையின் கீழ், ஏறக்குறைய ஒரே முறையில் தயாராகின்றன. அதனால் திராட்சை எந்த நிலத்தில் விளைந்தது, பீப்பாயில் எத்தனை காலம் கிடந்தது என்ற இரண்டும் ஒரு வைனை எவ்வளவு மாற்றும் என்று பார்க்க இவற்றைவிடத் தெளிவான வரிசை கிடைப்பது கடினம்.

எதை வாங்குவது என்று கேட்டால் நடுப்படியைத்தான் சொல்வோம். அதிலும் ரிசெர்வா போடாத ஆண்டு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

கூட்டுறவு வைன் என்றதும் பலர் முகம் சுளிப்பதில் நியாயம் உண்டு. எடைக்குக் காசு என்று வைத்துவிட்டால் விவசாயி கொடியில் எவ்வளவு காய்க்குமோ அவ்வளவும் காய்க்க விடுவார். நெபியோலோவில் அப்படிச் செய்தால் நிறமும் இல்லாமல் மணமும் இல்லாமல் வெறும் துவர்ப்புதான் மிஞ்சும். இந்தக் கூட்டுறவு திராட்சையின் தரத்தைப் பார்த்துப் பணம் தருகிறது, நெபியோலோ தவிர வேறெதையும் தொடுவதில்லை. வரலாறும் நீண்டது. ஆல்பா நகரத்து அரசு வைன் கல்லூரியின் இயக்குநராக இருந்த தொமீட்சியோ கவாட்சா 1894-இல் ஒன்பது விவசாயிகளைச் சேர்த்துக்கொண்டு இதே பார்பரெஸ்கோ ஊரில் முதல் கூட்டுறவைத் தொடங்கினார். அதற்கு முன் இங்கே விளைந்த நெபியோலோ, லாங்கேயின் இன்னொரு நெபியோலோ வைனான பரோலோ செய்யப் போனது, அல்லது வெறும் நெபியோலோ என்று விலைபோனது. ஃபாசிஸ ஆட்சிக் காலத்தில் அந்தக் கூட்டுறவு மூடப்பட்டது. 1958-இல் ஊர்ப் பாதிரியார் ஃபியோரினோ மரெங்கோ 19 விவசாயிகளோடு மறுபடி ஆரம்பித்தார். முதல் மூன்று அறுவடைகள் தேவாலயத்தின் அடித்தளத்தில் வைனாயின. இப்போது உறுப்பினர் குடும்பங்கள் ஐம்பதைத் தாண்டிவிட்டன, அவர்களிடம் இருக்கும் நெபியோலோ நிலம் நூறு ஹெக்டேருக்கு மேல்.

திராட்சையைப் பற்றி ஒரு வார்த்தை. இது தெரியாமல் புட்டியைத் திறப்பவர்கள்தான் ஏமாந்துபோகிறார்கள். நெபியோலோ சீக்கிரம் துளிர்க்கும், மிகத் தாமதமாகப் பழுக்கும். அறுவடை பெரும்பாலும் அக்டோபரில். துளிர் நேரத்துப் பனியும் அறுவடை நேரத்து மழையும் சேர்ந்து மிரட்டும் என்பதால் நல்ல வெயில் விழும் சரிவுகளை இதற்கே ஒதுக்கிவிடுவார்கள். தோலில் இருக்கும் நிறமிகள் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் வகை. அதனால் புது வைனே வெளிர் சிவப்பாக, அடியில் வைத்த எழுத்தைப் படிக்கும் அளவுக்குத் தெளிவாக இருக்கும். சில ஆண்டுகளில் கோப்பையின் ஓரம் செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். வைன் கெட்டுப்போனதால் அப்படி ஆவதில்லை, அந்தத் திராட்சையின் இயல்பே அது. வெளிறிய நிறத்தைப் பார்த்து லேசான வைன் என்று நினைத்து ஒரு வாய் நிறைய விழுங்கினால், நெடுநேரம் கொதித்த கடுந்தேநீர் போல ஈறு இழுத்துக்கொள்ளும். துவர்ப்பும் புளிப்பும் ஒரே நேரத்தில் இவ்வளவு ஓங்கி நிற்கும் சிவப்புத் திராட்சைகள் குறைவு. மணத்தில் காய்ந்த ரோஜா, செர்ரி, அதிமதுரம், வயதாக ஆகத் தார், உதிர்ந்த இலை, ஈர மண்.

இனி ஒவ்வொரு படியாக.

லாங்கே நெபியோலோ. லாங்கே டிஓசி 1994-இல் வந்த பெயர். டிஓசி என்பது எங்கே, எந்தத் திராட்சையில், எப்படிச் செய்ய வேண்டும் என்று இத்தாலியச் சட்டம் வரையறுக்கும் வைன் பெயர். இந்தப் பெயரில் விற்க 85 சதவீத நெபியோலோ போதும், மீதி 15 சதவீதம் பியமோந்தேயில் அனுமதிக்கப்பட்ட வேறு சிவப்புத் திராட்சையாக இருக்கலாம். பார்பரெஸ்கோவுக்கு இருப்பது போல நீண்ட கட்டாய முதிர்வுக் காலமும் கிடையாது. ஆகவே கடையில் ‘லாங்கே நெபியோலோ’ என்று அடுக்கியிருக்கும் புட்டிகளுக்குள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது. ஒருவர் எஃகுத் தொட்டியிலிருந்து நேராக அடைத்திருப்பார், இன்னொருவர் பரோலோவுக்கு ஆன நல்ல திராட்சையையே பணப்புழக்கத்துக்காக இந்தப் பெயரில் சீக்கிரம் விற்றிருப்பார். இந்தக் கூட்டுறவின் புட்டியில் இருப்பது முழுக்க நெபியோலோ, பெரும்பாலும் பார்பரெஸ்கோ எல்லைக்குள்ளேயே இருக்கும் இளங்கொடிகளிலிருந்து வருவது, பீப்பாயில் குறைந்த காலமே தங்குவது. துவர்ப்பு இருக்கிறது, ஆனால் வாயை அடைப்பதில்லை. அறுவடையிலிருந்து நான்கைந்து ஆண்டுக்குள் குடித்துவிடலாம். வருடக்கணக்கில் பத்திரப்படுத்தினால் பழச்சுவை போய்ப் புளிப்புதான் எஞ்சும். நெபியோலோவை முதன்முறை சுவைப்பவருக்கு இதுதான் சரியான வாசல்.

பக்கத்திலேயே ‘நெபியோலோ தால்பா’ என்று ஒரு புட்டி இருக்கும். குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வேறு டிஓசி. முழுக்க நெபியோலோதான், ஆனால் பரோலோ, பார்பரெஸ்கோ எல்லைகளுக்கு வெளியே, பெரும்பகுதி தனாரோ ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் மணற்பாங்கான குன்றுகளில் விளைவது. குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும். மணம் தூக்கலாக இருக்கும், உடல், அதாவது வாயில் உணரும் கனம், மெலிவு.

பார்பரெஸ்கோ. 1966-இல் டிஓசி, 1980-இல் அதற்கும் மேல்நிலையான டிஓசிஜி. திராட்சை நூற்றுக்கு நூறு நெபியோலோ. பார்பரெஸ்கோ, நெய்வே, த்ரெய்சோ என்ற மூன்று ஊர்களும் ஆல்பா நகராட்சியைச் சேர்ந்த சான் ரொக்கோ செனோ தெல்வியோ பகுதியும் மட்டுமே எல்லை. ஹெக்டேருக்கு 8 டன்னுக்கு மேல் திராட்சை எடுக்கக் கூடாது. ஆல்கஹால் குறைந்தது 12.5 சதவீதம். முதிர்வு 26 மாதம், அதில் 9 மாதம் மரப் பீப்பாயில். இந்த 26 மாதத்தை அறுவடை ஆண்டின் நவம்பர் 1-ஆம் தேதியிலிருந்து எண்ணுவார்கள். 2021 அறுவடை என்றால் 2024 ஜனவரி 1-க்கு முன் கடைக்கு வர முடியாது. பரோலோவுக்கு இதே கணக்கு 38 மாதம், அதில் 18 மாதம் மரத்தில். அதாவது 2025 ஜனவரி. இரண்டு வைனுக்கும் நடுவே சட்டம் வைத்திருக்கும் பெரிய வித்தியாசம் இந்த ஓராண்டுதான். மற்றதெல்லாம் மண்ணும் வெப்பமும் பார்த்துக்கொள்கின்றன. பார்பரெஸ்கோ தனாரோ ஆற்றுக்குப் பக்கம், உயரமும் கொஞ்சம் குறைவு, திராட்சை சற்று முன்னதாகப் பழுக்கும்.

கூட்டுறவு தன் நடுப்படி வைனைச் சட்டம் கேட்பதைவிட அதிக காலம் மரத்தில் வைக்கிறது. பழைய வழக்கப்படி மூன்று வாரத்துக்கு மேல் தோலோடு ஊறவிட்டு, பெரிய ஓக் பீப்பாய்களுக்கு மாற்றுகிறார்கள். சிறிய புதுப் பீப்பாய் இங்கே கிடையாது. அதனால் வெனிலா, வறுத்த காபி போன்ற மர மணத்தை எதிர்பார்த்து வருபவருக்கு இது வெறுமையாகத் தோன்றும். அந்த மணம் தேவையென்றால் லாங்கேயில் வேறு தயாரிப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே விலை கொடுப்பது திராட்சைக்கு.

குறையும் சொல்ல வேண்டும். அறுவடையிலிருந்து மூன்றாம், நான்காம் ஆண்டில் கடைக்கு வந்த புதிதில் செர்ரியும் ரோஜாவுமாக மலர்ச்சியோடு இருக்கும் இந்த வைன், அதற்கப்புறம் சில ஆண்டுகள் வாயை மூடிக்கொள்ளும். ஐந்தாம் ஆண்டிலிருந்து எட்டாம் ஆண்டுவரை என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். அந்த இடைவெளியில் திறந்தால் மணம் எழாது, துவர்ப்பு மட்டும் முன்னால் நிற்கும். ‘இதற்கா இவ்வளவு பேச்சு’ என்று எழுதுபவர்களில் பாதிப் பேர் இந்தக் காலத்தில் திறந்தவர்களாகத்தான் இருப்பார்கள். வந்தவுடன் குடியுங்கள், இல்லையென்றால் பத்தாம் ஆண்டுவரை பொறுங்கள்.

ரிசெர்வா. சட்டப்படி இந்தச் சொல் தருவது ஒரே உத்தரவாதம்: 50 மாத முதிர்வு. 2021 அறுவடைக்கு 2026 ஜனவரி. நல்ல தோட்டம், நல்ல ஆண்டு என்றெல்லாம் சட்டத்தில் இல்லை. தோட்டப் பெயரில்லாத ரிசெர்வா இருக்கலாம், ரிசெர்வா அல்லாத தோட்ட வைனும் இருக்கலாம். இந்தக் கூட்டுறவோ இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டிருக்கிறது. நல்ல ஆண்டு என்று அவர்கள் முடிவு செய்தால் ஒன்பது தோட்டங்களின் வைனைத் தனித்தனியாக ரிசெர்வாவாக அடைப்பார்கள். லேபிளில் தோட்டப் பெயரோடு அந்த நிலத்துக்காரர்களின் பெயர்களும் மொத்தப் புட்டி எண்ணிக்கையும் இருக்கும். 1967 அறுவடையிலிருந்து இப்படித் தனித் தோட்டப் புட்டிகள் வருகின்றன. ஆண்டு சரியில்லை என்றால் ஒன்பதும் கிடையாது. அந்தத் திராட்சை அத்தனையும் நடுப்படி பார்பரெஸ்கோவுக்குள் போய்விடும். முன்னால் சொன்ன காரணம் இதுதான்: மோசம் என்று முத்திரை குத்தப்பட்ட ஆண்டில் சாதாரணப் புட்டிக்குள் ஊரின் சிறந்த நிலங்களின் திராட்சை இருக்கும், விலையோ சாதாரண விலை. ஓர் ஆண்டின் ரிசெர்வா வந்ததா இல்லையா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்வது நல்லது.

ஒன்பதும் பார்பரெஸ்கோ ஊர் எல்லைக்குள்தான் இருக்கின்றன, ஆனாலும் ஒன்று போல் ஒன்று இல்லை. அசீலியில் மணம்தான் எல்லாம். துவர்ப்பு மெல்லிய இழையாக ஓடும். ஒட்டியே இருக்கும் ரபயாவில் அதே மணத்தோடு உடலும் சேரும், கூடுதல் பொறுமையும் கேட்கும். மொந்தேஸ்தேஃபனோ இவற்றில் முரடு. கண்ணை மூடிக்கொண்டு சுவைத்தால் பரோலோ என்று சொல்லிவிடத் தோன்றும், பத்தாண்டுக்கு முன் தொடுவது வீண். மொந்தேஃபிகோவும் அந்தப் பக்கம்தான், இறுக்கமான வைன். போரா ஆற்றோரத்து வெப்பத்தில் விளைவதால் சீக்கிரம் இளகும், ரிசெர்வா வாங்கி விரைவில் குடிக்க நினைப்பவருக்கு அதுவே பொருந்தும். ரியோ சோர்தோ மென்மை. பயேயில் புளிப்பு கூர்மை. வடக்கே இருக்கும் ஓவெல்லோவில் சிவப்புப் பழமும் துடிப்பான துவர்ப்பும். முன்ககோத்தா எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கும். ஒன்பதையும் ஒரே பெட்டியில் வாங்கி ஒப்பிடுவது பாடமாக நல்லதுதான். விருந்துக்கு என்று ஒரே ஒரு புட்டி தேடுபவருக்கு அசீலியை விட்டு வேறு சொல்ல மாட்டோம். ரிசெர்வாவின் விலை நடுப்படியைவிடக் கணிசமாக ஏறும். பத்தாண்டு வைக்க இடமும் மனமும் இல்லாதவர் அந்தக் காசில் நடுப்படியைக் கூடுதலாக வாங்கிக்கொள்ளலாம்.

இந்தத் தோட்டப் பெயர்களுக்குச் சட்டத்தில் ‘மென்ட்சியோனே ஜியோகிராஃபிக்கா அஜுந்திவா’ என்று பெயர், சுருக்கமாக எம்ஜிஏ. பார்பரெஸ்கோவில் 2007 முதல் எல்லை வரைந்து பதிவு செய்தார்கள், மொத்தம் 66. பரோலோவில் 2010-இல், 181. இதில் ஒரு பொதுவான தவறு நடக்கிறது. எம்ஜிஏ பெயர் இருந்தால் உயர்தரம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்சின் பர்கண்டியில் இருப்பது போன்ற தோட்டத் தரவரிசை இங்கே கிடையாது, எம்ஜிஏ என்பது வரைபடத்தில் ஒரு கோடு மட்டுமே. அசீலியும் எம்ஜிஏ, யாருமே கேள்விப்படாத ஒரு பள்ளத்துச் சரிவும் எம்ஜிஏ. சில பெயர்கள் விற்பனை வசதிக்காகப் பெரிய பரப்பாகவும் விரிக்கப்பட்டிருக்கின்றன. எம்ஜிஏ பெயரோடு ‘வீன்யா’ என்ற சொல்லும் ஒரு குறிப்பிட்ட தோட்டப் பெயரும் சேர்ந்திருந்தால் விதி இன்னும் இறுகும்: விளைச்சல் ஹெக்டேருக்கு 7.2 டன்னுக்குள் நிற்க வேண்டும்.

சட்டப் பெயர் உயர்ந்தால் வைனும் உயர்ந்தது என்ற கணக்கு எவ்வளவு ஆட்டம் காணும் என்பதற்கு இதே ஊரின் கயா நிறுவனமே சாட்சி. சோரி தில்தின், சோரி சான் லொரென்சோ, கோஸ்தா ருசி என்ற தன் மூன்று புகழ்பெற்ற தோட்ட வைன்களை 1996 அறுவடையிலிருந்து பார்பரெஸ்கோ டிஓசிஜியிலிருந்து எடுத்து லாங்கே நெபியோலோ டிஓசியில் அடைத்தது. கொஞ்சம் பர்பேரா திராட்சை சேர்த்துக்கொள்ளும் சுதந்திரம் அந்த 85 சதவீத விதியில் இருந்தது. 2013 அறுவடையிலிருந்து முழு நெபியோலோவாகத் திரும்பவும் பார்பரெஸ்கோ ஆகிவிட்டன. இடைப்பட்ட ஆண்டுகளின் புட்டிகள் ஏலத்தில் வந்தால் லேபிளில் கீழ்ப்படிப் பெயரும் விலையில் மேல்படித் தொகையும் இருப்பதைப் பார்த்து யாரோ தவறாக அச்சிட்டுவிட்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

லேபிளில் மற்றவை சுருக்கமாக. புட்டிக் கழுத்தில் எண்ணோடு ஒட்டியிருக்கும் அரசுச் சீட்டு டிஓசிஜிக்குக் கட்டாயம். அது கிழிந்தோ இல்லாமலோ இருக்கும் பார்பரெஸ்கோவை வாங்காதீர்கள். அறுவடை ஆண்டு போட்டிருந்தால் ஐரோப்பிய விதிப்படி குறைந்தது 85 சதவீதம் அந்த ஆண்டினுடையது. ஆல்கஹால் அளவை முழு அல்லது அரை எண்ணாகத்தான் அச்சிட முடியும். அரை சதவீதம்வரை ஏற்ற இறக்கம் அனுமதி, ஆக 14.5 என்றால் உள்ளே 14 முதல் 15 வரை எதுவும் இருக்கலாம். வெயில் ஆண்டுகளில் இது மேல்பக்கமே சாயும். ‘இம்போத்திலியாத்தோ அல்லொரீஜினே’ என்றால் விளைவித்தவரே அடைத்தது. உறுப்பினர்களின் திராட்சையை அடைக்கும் கூட்டுறவும் இதைப் போட்டுக்கொள்ளலாம். 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான வைன்களுக்கு உள்ளடக்கப் பட்டியலும் சத்து விவரமும் கட்டாயமாகிவிட்டன. பெரும்பாலும் கியூஆர் குறியீட்டுக்குள் இருக்கும். முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் குடும்பச் சின்னம், பதக்கம், கோட்டைப் படம் இவற்றுக்கெல்லாம் இந்த விதிகளில் எந்தப் பொருளும் இல்லை.

ஆண்டுகள் என்று பார்த்தால் 2016 வாங்கி வைக்க வேண்டியது. அமைப்பும் மணமும் ஒன்றுக்கொன்று சளைக்காமல் இருக்கின்றன. 2019-உம் அந்த வழியில், சற்று இறுக்கம். 2017 வெப்பமும் வறட்சியுமான ஆண்டு, பழம் முன்னால் நிற்கும், துவர்ப்பு சில புட்டிகளில் வறண்டுபோயிருக்கும். 2018 மெல்லியது, காத்திருக்காமல் குடிக்கலாம். 2014-ஐ லாங்கே முழுவதற்கும் மழை ஆண்டு என்று ஒதுக்கியவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை: பரோலோவில் கொட்டிய அளவுக்குப் பார்பரெஸ்கோவில் மழை இல்லை.

திறக்கும் முறையில்தான் அதிகம் கெடுகிறது. முதலில் வெப்பம். 16 முதல் 18 டிகிரி செல்சியஸுக்குள் ஊற்ற வேண்டும். 24-ஐத் தாண்டினால் ஆல்கஹால் மூக்கில் ஏறி ரோஜா மணத்தை விழுங்கிவிடும், 12-க்குக் கீழே போனால் துவர்ப்பு இரும்பாகிவிடும். அறை சூடாக இருந்தால் புட்டியை அரை மணி நேரம் குளிர்பெட்டியில் வைத்து எடுத்தால் போதும். கோப்பை வயிறு அகன்றதாக இருக்கட்டும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்.

இளம் பார்பரெஸ்கோவைக் குடிப்பதற்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றுங்கள். தக்கையை மட்டும் கழற்றி வைத்துவிட்டு ‘மூச்சு விட்டது’ என்பவர்கள் உண்டு. புட்டிக் கழுத்தின் அகலத்துக்கு உள்ளே போகும் காற்று ஒன்றுமே செய்யாது. பதினைந்து ஆண்டைத் தாண்டிய புட்டிக்கு இதற்கு நேர்மாறான முறை: ஒரு நாள் முழுக்க நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் தங்கட்டும். பிறகு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, அசைக்காமல் மெதுவாக ஊற்றி, கசடு கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். அதை அங்கேயே குடிக்க வேண்டும். முதிர்ந்த நெபியோலோ காற்றில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே தளர்ந்துவிடக்கூடும். வண்டலோடு ஊற்றினால் கசப்பு ஏறும், அதைத் தயாரிப்பாளர் தலையில் கட்டக் கூடாது.

ஈர அட்டைப் பெட்டி வாடை வந்தால் தக்கை நோய், எவ்வளவு நேரம் காற்றாட வைத்தாலும் போகாது. கடையில் மாற்றிக் கேளுங்கள். தக்கை புட்டியின் விளிம்புக்கு மேலே தள்ளியிருந்தாலோ, மூடித் தகட்டின் அடியில் பிசுபிசுப்பு இருந்தாலோ வழியில் எங்கோ வெயிலில் வெந்த சரக்கு. ஆனால் நிறம் வெளிறியிருக்கிறது என்று மட்டும் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள்.

உணவோடுதான் இது சரியாக நிற்கும். தனியாக உறிஞ்சினால் துவர்ப்பு அலுத்துவிடும். ஆல்பா பக்கத்து மேசையில் இதற்கு இணை முட்டை மஞ்சள் கருவில் பிசைந்த மெல்லிய தயாரின் பாஸ்தா, இறைச்சி பொதிந்த அன்யொலோத்தி தெல் ப்ளின், வைனிலேயே வெந்த மாட்டிறைச்சி, முதிர்ந்த கஸ்தெல்மான்யோ பாலாடைக்கட்டி. கொழுப்பும் புரதமும் துவர்ப்பைத் தரும் டானினைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்வதில்லை. வெள்ளை ட்ரஃபிள் என்ற மண்ணுக்கடியில் விளையும் காளானைத் துருவிய தட்டுக்கு இளம் புட்டியைத் திறக்காதீர்கள், பத்தாண்டு கடந்ததை எடுங்கள்.

மிச்சமிருந்தால் அதே தக்கையால் அடைத்துக் குளிர்பெட்டியில் நிமிர்த்தி வைத்தால் இளம் பார்பரெஸ்கோ இரண்டு மூன்று நாள் தாங்கும். இரண்டாம் நாள் முதல் நாளைவிட நன்றாக இருப்பதும் வழக்கம், குடிப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்னால் வெளியே எடுத்துவிட வேண்டும். லாங்கே நெபியோலோவுக்கு மறுநாள்வரைதான் கெடு.